இங்ரிட்டின் துப்பாக்கி வயது

மான் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை மதியம், அடுப்பில் மான்கறியும் சிவப்பு பீன்ஸும் கொதித்துக்கொண்டிருந்தபோது, என் கொழுந்தன் டாரில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றுகொண்டு, "என்ன ட்ரூடி, புள்ளைக்கு எப்பதான் ஆரம்பிச்சு வைக்கப் போற?" என்று கேட்டான். நான் கரண்டியால் அவன் பூட்ஸைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றான். காலையில் துடைத்த தரையில் பனி உருகிக் கருப்பாக ஓடியது.

அவன் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. தேவாலயத்தில் பாட்டுப் புத்தகத்தை நீட்டுகிறவர் கேட்டார். தீவனக் கடையில் மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுகிற பெண் கேட்டாள். பல் டாக்டர் என் வாய்க்குள் இரண்டு கருவிகளைச் செருகி வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கவும் செய்தார். விஸ்கான்சினின் இந்த வடக்கு மூலையில் ஏழு வயதுக் குழந்தையின் அம்மாவிடம் கேட்க வேறு கேள்வியே கிடையாதுபோல. நன்றாகப் படிக்கிறாளா, கூட்டல் வருகிறதா என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. சுடச் சொல்லிக் கொடுத்தாச்சா? இன்னும் இல்லையா? ஏன்? என்னவோ நான் துப்பாக்கியையே பார்க்காத ஊரிலிருந்து வாழ வந்தவள் மாதிரி. நான் இங்கேதான் பிறந்தேன். என் கணவன் கர்ட்டைவிட நான் நன்றாகச் சுடுவேன். இது கர்ட்டுக்கும் தெரியும், டாரிலுக்கும் தெரியும், மான்களுக்கும் தெரியும்.

என் மகள் இங்ரிட் விஷயத்தில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள். டாரிலின் கட்சி, குழந்தைக்கு நிற்கத் தெரிந்தால் போதும் என்பது. கர்ட்டின் கட்சி, பத்து வயது. ஏன் பத்து என்று கேட்டால் அவன் அப்பா அவனுக்குப் பத்தில் கொடுத்தார் என்பான். சட்டம் என்ன சொல்கிறது, குழந்தை எப்படிப்பட்டது, எதுவும் பேச்சில்லை. பத்து. என்னுடைய கட்சிக்கு வயது கிடையாது. சாயங்காலம் கோழிக்கூட்டின் கதவை நான் சொல்லாமலே ஒரு வாரம் தொடர்ந்து சாத்திவிட்டு வரட்டும், மறுநாளே நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருந்தேன். கோழிக்கூட்டை மறப்பவள் நாளைக்கு எதையெல்லாம் மறப்பாளோ. இதுவரை நரி நான்கு கோழிகளைக் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு கோழிக்கும் அவள் அழுது, பெயர் எழுதிய அட்டையைத் தோட்டத்தில் நட்டு வைத்து, அடுத்த நாள் மறுபடி கதவை மறந்தாள்.

மூன்று கட்சியும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். நேரம் வரும்வரை குழந்தை துப்பாக்கியைத் தொடக்கூடாது. எங்கேயாவது பார்த்தால் பெரியவர்களிடம் வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

அக்டோபரில் அவளுடைய பிறந்தநாளுக்கு டாரில் ஒரு காரியம் செய்தான். நீளமான அட்டைப்பெட்டியில் ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தான். உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சின்னத் துப்பாக்கி. கேக்கின் கலர். நான் அதை எடுத்துப்போய் நிலவறையில் இருக்கும் இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். இங்ரிட் அன்று மாலை முழுவதும் நிலவறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். அது உன்னுடையது, ஆனால் தொடக்கூடாது, பார்க்கவும் கூடாது என்று நாங்கள் அவளிடம் சொன்னோம். இதை ஒரு குழந்தையிடம் சொல்வதற்கு நமக்கு மூளை இருக்கிறதா என்று அப்போதே கர்ட்டிடம் கேட்டேன். அவன், "பத்து வயசாகட்டும்" என்றான்.

அந்த பீரோவுக்கு எண்பூட்டு. நல்ல கனமான பூட்டுதான், அழுத்தினால் பீப் பீப் என்று சத்தம் வரும். என்ன எண் என்றால், கர்ட்டின் அப்பா பெரிய கலைமானை அடித்த தேதி. அந்தத் தேதி எங்கே இருக்கிறது என்றால், கூடத்தில் கணப்படுப்புக்கு மேலே அந்த மானின் கொம்புக்குக் கீழே பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கிறது. மாற்று மாற்று என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வேறு எண் வைத்தால் மறந்துவிடும் என்றான்.

டாரிலுக்குப் பின்னால் கர்ட் கைகளை ஊதிக்கொண்டே வந்தான். டாரில் தன் துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டு வந்திருந்தான். அந்த ஒரு விஷயத்தில் அவன் ஒழுங்கு. கர்ட் தன்னுடையதைப் பின்வாசல் அறையில் கோட்டுகளுக்கு நடுவே சாத்தியிருந்தான். காட்டுக் குளிரிலிருந்து நேராகச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் துப்பாக்கிமேல் இருக்கும் தொலைநோக்கிக் கண்ணாடியில் நீர் பூத்துவிடும், திரும்பப் போனால் ஒன்றும் தெரியாது. அதனால் சாப்பிட வருகிற நேரத்துக்கு எல்லாரும் ஹீட்டர் இல்லாத பின்வாசல் அறையில்தான் வைப்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் வைத்தார்.

"தோட்டாவக் காலி பண்ணிட்டியா?" என்று கேட்டேன்.

"பண்ணிட்டேன், பண்ணிட்டேன்." முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அதிகாலையிலிருந்து மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து ஒரு மானின் வாலைக்கூடப் பார்க்காத எரிச்சல்.

இங்ரிட் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு, கோழிகளுக்குத் தண்ணீர் உறைந்துவிட்டதா என்று பார்த்துவர வெளியே போயிருந்தாள். நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். டாரில் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் முக்கிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

"நான் அஞ்சு வயசுல அணில் சுட்டவன்."

"அணிலா? உங்கம்மா காரோட டயரைச் சுட்டன்னு உன் அண்ணன் சொன்னான்."

"அணில் டயருக்குப் பின்னாடி இருந்துச்சு."

கர்ட் சிரித்தான். அவன் சிரித்ததும் எனக்கு இன்னும் எரிந்தது. "சிரிக்காத. உன் பத்து வயசுக் கதை இதைவிட மோசம். பத்தாவது பிறந்தநாள் அன்னிக்கு ராத்திரி தூங்கி எந்திரிச்சா புத்தி வந்துருமா?"

"அப்ப உன் கோழிக்கூடு மட்டும் என்ன கணக்கு?" என்றான் கர்ட். "எனக்கே இன்னும் கார் ஜன்னலை ஏத்தி விட மறந்துருது. அப்ப எனக்கும் தரக்கூடாது."

"தரக்கூடாதுதான். அதைத்தான் நானும் சொல்றேன்."

டாரில் மேசையைத் தட்டிச் சிரித்தான். அப்போது பின்வாசல் பக்கத்துக் கதவு கொஞ்சமாகத் திறந்து இங்ரிட்டின் முகம் தெரிந்தது. தொப்பி கண்வரை இறங்கியிருந்தது. "அம்மா..." என்றாள்.

"கூட்டுக் கதவைச் சாத்துனியா?"

"சாத்தல, ஆனா அம்மா, அங்க..."

"பாத்தீங்களா? பாத்தீங்களா ரெண்டு பேரும்?" என்று நான் ஆண்கள் பக்கம் திரும்பினேன். "போ, போய்ச் சாத்திட்டு வா. பெரியவங்க பேசிட்டிருக்கோம்." முகம் மறைந்தது. கதவு மூடிக்கொண்டது. நான் வென்றுவிட்டவள்போல் இன்னொரு கரண்டி குழம்பை என் தட்டில் ஊற்றிக்கொண்டேன். அதன்பிறகு நாங்கள் என்ன பேசினோம் என்று என்னால் சொல்ல முடியும், ஒரு வார்த்தை விடாமல். அத்தனையும் உதவாத பேச்சு. ஏழா, எட்டா, பத்தா. முதலில் எந்தத் துப்பாக்கி. யார் சொல்லிக் கொடுப்பது. டாரில் சொல்லிக் கொடுத்தால் நான் வீட்டைவிட்டுப் போய்விடுவேன் என்றேன்.

பீப் பீப் என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினோம். மறுபடி பீப். பின்வாசல் அறையிலிருந்துதான் நிலவறைக்குப் படி இறங்குகிறது. சமையலறையில் இருப்பவர்களுக்கு யார் இறங்கினாலும் தெரியாது. இரும்பு பீரோவின் கைப்பிடி திரும்புகிற சத்தம் கேட்டபோது என் நாற்காலி ஏற்கெனவே தரையில் விழுந்து கிடந்தது. பின்வாசல் அறையில் கோட்டுகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை. படியில் எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை.

இங்ரிட் பீரோவுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பூட்ஸை மேலேயே கழற்றிவிட்டு வந்திருந்தாள். கர்ட்டின் துப்பாக்கி உள்ளே, மற்றவற்றோடு வரிசையாக, ஒழுங்காக நின்றது. அதற்குப் பக்கத்தில் அந்த இளஞ்சிவப்பு.

"அதைத் தொடல," என்றாள் என்னைப் பார்த்ததும். "என்னோடதைத் தொடவே இல்ல. பாத்தேன். அவ்ளோதான்."

நான் அவளைத் தோளைப் பிடித்து என் முதுகுக்குப் பின்னால் தள்ளினேன். கர்ட்டின் துப்பாக்கியை எடுத்துக் குழலைச் சிமெண்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி போல்ட்டை இழுத்தேன். ஒரு தோட்டா துள்ளி விழுந்தது. சிமெண்டுத் தரையில் உருண்டு துணி துவைக்கும் மெஷினுக்கு அடியில் போய் நின்றது.

கர்ட் படியின் நடுவில் நின்றுவிட்டான். சட்டைப்பையிலிருந்து தோட்டா நிரப்பும் மேகசினை எடுத்து, யாரிடமோ சாட்சி காட்டுவதுபோல் உள்ளங்கையில் வைத்து நீட்டினான். "கழட்டிட்டேன் ட்ரூடி. இதோ பாரு, கழட்டிட்டேன்." மேகசினைக் கழற்றினால் குழலுக்குள் ஏற்கெனவே ஏறியிருக்கும் ஒரு தோட்டா அங்கேயேதான் இருக்கும். இது அவனுக்குத் தெரியாதா? பத்து வயதிலிருந்து தெரியும். குளிர், பசி, வீட்டு வாசல், மான்கறி வாசனை. நான் அவனை அடித்திருப்பேன். கை துப்பாக்கியில் இருந்ததால் அடிக்கவில்லை.

அந்தக் கோபம் போக வேறு இடமில்லாமல் இங்ரிட்டின் மேல் பாய்ந்தது. "தொடக்கூடாதுன்னு சொல்லிருக்கேன்ல? பாத்தா எங்ககிட்ட வந்து சொல்லணும்னு சொல்லிருக்கேனா இல்லியா?"

"சொல்ல வந்தேனே," என்றாள். "நீதான் போகச் சொன்ன."

மேலே குழம்பு அடிபிடிக்கிற வாசனை வந்தது. அவள் கொஞ்சம் பொறுத்து, நான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்து, விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள். "அங்க மோஸ் படுத்திருந்தான். வாலை ஆட்டுனா தட்டி விட்டுருவான். அதான். மோஸை முதல்ல வெளிய போகச் சொல்லிட்டேன். அப்புறம் மெதுவாத்தான் தூக்கிட்டு வந்தேன். சுடுற இடத்துல விரலே வைக்கல."

மோஸ் எங்கள் நாய். அந்த வால் ஒரு காபிக் கோப்பையைக்கூட விட்டு வைத்ததில்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி. துப்பாக்கியை உள்ளே வைத்து பீரோவைச் சாத்திவிட்டு, மெஷின் பக்கத்தில் கிடந்த துடைப்பத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"எப்படித் தூக்கிட்டு வந்த? எனக்குக் காட்டு."

துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். நாங்கள் எவருமே அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை; ஆனால் அவள் விரல் கம்பின் பக்கவாட்டில் நேராக நீண்டிருந்தது, என் விரல் இருப்பதுபோலவே. இன்னொரு கையால் கம்பின் நடுவைத் தாங்கினாள். "கீழ பாத்துதான் இருக்கணும். அப்பா துப்பாக்கிய மேல லைட்டைப் பாத்து புடிச்சப்ப நீ திட்டுன," என்றாள். கம்பின் நுனியைக் கீழே இறக்கினாள். இறக்கி, அப்படியே, எண்ணிக்கொள்வதுபோல் உதட்டை அசைத்து, ஒவ்வொரு படியாக இறங்குகிற மாதிரி நடந்து காட்டினாள். கம்பின் நுனி அவளுடைய சிவப்புக் காலுறையின் கட்டைவிரல்மேல் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதன்மேலேயே இருந்தது.

டாரில் தொப்பியைக் கழற்றினான். கர்ட், "பத்து..." என்று தொடங்கி, மீதியை விட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான்.

"சரியா?" என்றாள் இங்ரிட்.

நான் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். கம்பின் நுனியைப் பிடித்து அவள் காலுக்கு வெளியே, ஒரு முழம் தள்ளி, வெறும் தரையைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். "இங்க," என்றேன்.

"இங்கயா?"

"இங்க."

கையை எடுத்தேன். நுனி மெல்ல நகர்ந்து அவள் கட்டைவிரல்மேல் வந்து நின்றது. மறுபடி பிடித்து நகர்த்தினேன்.