பதினோராவது பெயர்

ரங்கூனில் இரண்டு வருடம், மேடானில் மூன்று, பாங்காக்கில் ஒன்று. போன இடமெல்லாம் தோற்றுக் கிடந்த பந்தாட்ட அணிகளைத் தூக்கி நிறுத்தியவன் இந்தச் சதாசிவம். மாஸ்டர், மாஸ்டர் என்று தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சமா நஞ்சமா? மலாயாவில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை ஒரு பந்தாட்டப் பைத்தியம். கப் வாங்கித் தர வேண்டுமென்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருடம் என்னை வரவழைத்து வைத்துக்கொண்டார்.

மறு வருடமே ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. பாலுக்கு மரம் சீவுகிற ஆட்களைக் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். துரை என்னைக் கூப்பிட்டார். லாயாங் லாயாங் தோட்டத்தோடு ஆட்டம் வருகிறது, உன் பதினோரு பேரை எழுதிக் கொடு, அவர்கள் மட்டும் இங்கே இருக்கட்டும் என்றார்.

பத்துப் பெயரை நின்ற நிலையில் எழுதிவிட்டேன். மிச்சம் ஒரே இடம், அதற்கு இரண்டு பேர். ஒருவன் அய்யாவு. முப்பத்து நாலு வயது, மனைவி காளியம்மா, மூன்று பிள்ளைகள். கைக்குழந்தையாக இங்கே வந்தவன், ஊரில் ஒதுங்க ஒரு குடிசை கிடையாது. இன்னொருவன் ஜெயபாலன். இருபது வயது, தனிக்கட்டை, ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது.

அய்யாவு மனைவியோடு என் வீட்டு வாசலுக்கு வந்தான். ஊரில் தங்களுக்கு யாருமில்லை, இந்த ஒரு தடவை பார்த்துச் செய்யுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

"இது அன்னதானம் இல்லடா, ஆட்டம். ஓடுறவனுக்குத்தான் இடம்" என்றேன்.

காளியம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் ஜெயபாலன் பெயரை எழுதினேன். கப்பல் பிடிக்க அவர்கள் ரயிலேறிய அன்று வழியனுப்பக்கூட நான் போகவில்லை. பயிற்சி இருந்தது.

ஜெயித்தோம். இரண்டு கோலும் ஜெயபாலன் போட்டதுதான். துரை கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு படம் பிடித்துக்கொண்டார். நாலாம் நாள் பார்த்தால் ஜெயபாலன் துணிமூட்டையோடு கிளம்பி நிற்கிறான். சிங்கப்பூரில் வேலையாம். எனக்கு உச்சந்தலை கொதித்தது. உனக்காக ஒரு குடும்பத்தையே கப்பலேற்றினேனே, நன்றி கெட்டவனே என்று கத்தினேன்.

அவனுக்குக் கோபமே வரவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா மாஸ்டர்? மாமா அங்க வேலை பாத்து வச்சு ரெண்டு மாசம் ஆச்சு. அய்யாவு அண்ணன் பேரையே எழுதியிருக்கலாம். ஆட்டத்தன்னிக்கு நான் ரயிலேறி வந்து ஆடிட்டுப் போயிருப்பேன்லா" என்றான்.

இத்தனை நாடு சுற்றினேனே, அந்த ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லையே, பாவி! துரை வீட்டுக்கு ஓடினேன். அய்யாவு குடும்பத்தைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று அவர் முன்னால் நின்று அழுதேன். கப்பல் நாகப்பட்டினம் சேர்ந்து ஒரு வாரமாகிறது என்றார்.