கேடயத்தில் நின்ற குதிரை

நெட்டையின் மனைவி போன் செய்தபோது நான் செஸ் பலகைக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து என் குதிரையை ரசித்துக்கொண்டிருந்தேன். சாதாரணக் குதிரையா அது? நான் அதை நகர்த்திய வேகத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அடுத்த வீட்டு நாய் ஒரு வாரம் குரைக்கவில்லை. நெட்டையின் ராணி, யானை இரண்டின் கழுத்திலும் ஒரே பாய்ச்சலில் கத்தி வைத்திருந்தது. அதை மெயிலில் அவனுக்கு அனுப்பியபோது மழைக்காலத் தொடக்கம். இப்போது குடைகள் பரண் ஏறிவிட்டன. பதில் இல்லை. பதில் வராததுதான் எனக்குக் கொண்டாட்டம். பயல் மூளையைக் கசக்கிக் காயப்போட்டிருப்பான் என்று தினமும் பலகைக்குத் தூசி தட்டினேன்.

நானும் அவனும் ஒரே லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்குகளாகக் குப்பை கொட்டியவர்கள். ஒருவன் கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் அறையில், மற்றவன் கீழே குழியில். நடுவில் இருட்டும், தொங்கும் கம்பிக்கயிறுகளும். சில நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தமே வராது. கயிறு அறுந்ததா, ஆள் விழுந்தானா, தெரியாது. ஆனாலும் முதலில் "என்னாச்சு?" என்று குரல் கொடுப்பவன் பயந்தாங்கொள்ளி, அன்றைய டீச்செலவு அவன் தலையில். அந்தக் குழிக்குள் தெரிந்த கடவுள், தெரியாத கடவுள் எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறேன். 'என்னாச்சு' மட்டும் என் வாயிலிருந்து வந்ததில்லை. ஓய்வு பெற்று ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கி, மெயிலில் செஸ் ஆடத் தொடங்கியபோதும் அதே சட்டம்தான். போன் பண்ணி விசாரிப்பவன் தோற்றவன்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்னம்மா, கல்லுக்குண்டு. எங்க உன் வீட்டுக்காரன்? மூளை உருகி மூக்கு வழியா ஒழுகிடுச்சா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அவருக்கு வலது பக்கம் இழுத்துடுச்சுண்ணா. பேச்சும் போயிடுச்சு. ஆஸ்பத்திரியில, இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க."

என் கையில் இருந்த பிஸ்கட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பலகை ஓரத்தில் வைத்தேன்.

"விழறதுக்கு முன்னாடி வரைக்கும் தெனமும் மெயிலைத் திறந்து பாப்பாரு. மொதல்ல ஒரே சிரிப்பு. 'அவன் வசமா மாட்டிக்கிட்டான், முடியைப் பிச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்'னு. அண்ணனுக்கு ஏதுங்க முடின்னு நான் கேட்டேன். அப்புறம் சிரிப்பு நின்னு போச்சு. 'எம்மேல ஏதாவது கோவமா இருப்பானோ'ன்னு ஒருநாள் கேட்டாரு. நீங்கதான் ஒரு போன் போடுங்களேன்னா, 'அவனே போடட்டும்'னுட்டாரு."

"நான் அனுப்பினேனேம்மா! அனுப்பிக்கிட்டேதானே இருந்தேன்!"

"ஒண்ணும் வரலியே. இப்பவும் கண்ணு கம்ப்யூட்டர் பக்கமே போகுது. ஒரு வரி அனுப்புங்கண்ணா, படிச்சுக் காட்டறேன். நான் பேசினேன்னு மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, 'தைரியமா இரு, சீக்கிரம் சரியாயிடும்' என்று எழுதி அனுப்பினேன். அது எங்கே போகிறது என்று வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்தது. அங்கே ஏற்கெனவே பெருங்கூட்டம். மழைக்காலத்தில் கிளம்பிய என் குதிரை முதல் ஆளாக நின்றது. அதன் பின்னால் நான் அனுப்பிய நக்கல்கள் வரிசையாக. 'உன் ராணிக்குக் குழி வெட்டியாச்சு, மாலை வாங்கி வை.' 'கையில காயைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டியா?' கடைசியாக, 'என்னடா, போய்ச் சேந்துட்டியா? சொல்லிட்டுப் போகக் கூடாதா?'

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டில் ஆட்கள் நிற்பார்களே, அப்படி நின்றன எல்லாம்.

மகளுக்குப் போன் போட்டேன். இலவச உலகச் சுற்றுலா கிடைத்துவிட்டது என்று நம்பி நான் எதையோ அமுக்கிய பிறகு, இந்த மிஷினுக்குள் கேடயச் சின்னம் போட்ட பாதுகாப்பு சாஃப்ட்வேரை வைத்துவிட்டுப் போனவள் அவள்தான்.

"அப்பா, வெளிய போற மெயிலை அது மறிச்சு சோதனை போடுது. அதுக்குள்ள சர்வர் லைனைக் கட் பண்ணிடுது. ஓரத்துல செவப்பா எச்சரிக்கை வந்திருக்குமே?"

"வந்துச்சு. தெனமும் வந்துச்சு. எது வந்தாலும் படிக்காதீங்க, பெருக்கல் குறியை அமுக்கி மூடிடுங்கன்னு நீதானே சொன்னே?"



"ஆமாப்பா. நான்தான் சொன்னேன். சரி, மெயில் சோதனையை மட்டும் நிறுத்துங்க. நிக்கறது எல்லாம் தானா போயிடும்."

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஏன்பா?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு நக்கலாக அழித்தேன். கடைசியில் அந்த 'தைரியமா இரு' மட்டும் குதிரைக்குப் பக்கத்தில் நின்றது. இத்தனை வருஷத்தில் நான் அவனுக்கு நல்ல வார்த்தை ஒன்று சொன்னதில்லை. இதைப் படித்துக் காட்டினால், தன் கதை முடிந்தது என்று அந்த நிமிஷமே புரிந்துகொள்வான். அதையும் அழித்தேன். குதிரையைப் பார்த்தேன். பலகை பூராவும் ஓடி ஜெயிக்கப் பிறந்த குதிரை. ஜெயித்து அவனை என்ன செய்யப் போகிறேன்? அதையும் அழித்தேன்.

போனை எடுத்து நெட்டையின் எண்ணை அமுக்கினேன். அவன் மனைவிதான் எடுத்தாள்.

"அவன் காதுல வைம்மா."

"அண்ணா, அவரால பேச..."

"தெரியும். காதுல வை."

துணி உரசும் சத்தம். பிறகு எதுவும் இல்லை. திரையின் ஓரத்தில் கேடயம் பச்சையாக ஒளிர்ந்தது. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள் என்றது.

"நெட்டை," என்றேன். "என்னாச்சுடா?"

குழியை எட்டிப் பார்ப்பவன் போலக் குனிந்து, காதைப் போனோடு அழுத்திக்கொண்டேன். எங்கோ கீழே, இருட்டில், ஒரு கம்பிக்கயிறு மெல்ல ஆடிச் சுவரைத் தொட்டதுபோல் அவன் மூச்சு கேட்டது.