அம்மாவாசி நின்ற இடம்

பவுனுவின் தோளில், மூக்குக்கு ஒரு சாண் கீழே, தேவயானி ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பியை மாட்டினாள். டப்பியிலிருந்து இறங்கிய குழாய் இடுப்பில் கட்டிய பம்புக்குப் போனது. சுவிட்சைப் போட்டதும் பம்பு மெல்ல இழுக்கத் தொடங்கியது. பவுனு திடுக்கிட்டுத் திரும்பினாள். கடைசி நாட்களில் அவள் புருஷன் அம்மாவாசி மூச்சு இழுத்தது இப்படித்தான். அவன் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

தேவயானி மதுரை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவள். வீரபாண்டிக்கு மேற்கே பவுனு வேலை பார்த்த கல் கிரஷரில் ஆட்கள் எவ்வளவு தூசியைச் சுவாசிக்கிறார்கள் என்று அளக்கச் சொல்லி 2007 மாசியில் உத்தரவு வந்திருந்தது.

"டப்பிக்குள்ள என்ன தாயி?"

"ஃபில்டர்க்கா. சவ்வு மாதிரி இருக்கும்."

"சல்லடையா?"

"இல்லக்கா. இதுல ஓட்டை பெருசு, தூசி அதவிடப் பொடிசு. ஆனாலும் தப்பாது. கொஞ்சம் கனமான தூசி நேராப் போயி மோதிரும். ரொம்பப் பொடிசு நேராவே போகாது. தள்ளாடித் தள்ளாடி எங்கனயாச்சும் இடிச்சு ஒட்டிக்கிரும். ஒட்டுனா வராது."

அவள் அடுத்த ஆளுக்கு மாட்டப் போனதும் மேஸ்திரி பொன்னுராஜ் வந்தான். "ஏத்தா பவுனு, இன்னைக்கு மெஷின் பக்கம் போகாத. ஆபீஸ்கிட்ட வேப்பமரத்தடியில உக்காரு. அளவு கூடுச்சுன்னா இழுத்து மூடிருவாக. நாப்பது குடும்பம் பாத்துக்க."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பவுனு போய் உட்கார்ந்தாள். பம்பு மர நிழலின் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. தள்ளாடி என்ற சொல் அவளை விடவில்லை. வாசலுக்குப் போகக்கூட அம்மாவாசி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போவான். நாலடிக்கு ஒருதரம் இடித்து நிற்பான். உள்ளங்கையெல்லாம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பீடி குடித்தே செத்தான் என்று பொன்னுராஜ் ஊரெல்லாம் சொன்னான். அம்மாவாசி பீடியைத் தொட்டதே இல்லை.

அவள் எழுந்தாள். கல்லை வாங்கி நொறுக்கும் இரும்புத் தாடையான 'ஜா'வின் வாய்க்கு நடந்தாள். பதினோரு வருஷம் அம்மாவாசி நின்ற இடம். இப்போது தவசி நின்றான்.

"நகந்துக்க தவசி. இன்னைக்கு நான் நிக்கிறேன்."

"மதினி, அங்கன வேணாம்..."

அவள் கேட்கவில்லை. ஒரு கல் விழுந்ததும் வெள்ளைப் புகை எழுந்து மூடியது. கண்ணைத் திறந்தபோது இடப்பக்கம் யாரோ முழங்கையை உரசிக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. திரும்பினால் தூசிதான். அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு நின்றாள். சாயங்காலம் வரை அப்படியே நின்றாள்.

வேலை முடிந்ததும் தேவயானி டப்பியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே வெள்ளைச் சவ்வில் லேசாகச் சாம்பல் நிறம் படிந்திருந்தது, அவ்வளவுதான்.

"இம்புட்டுத்தானா?"

"கண்ணுக்குத் தெரியாததுதான்க்கா கூட. தராசுல தெரியும்."

"அவுகளக் கொன்னது இதானா?"

தேவயானி டப்பியை மூடினாள். மூடியில் ஒட்ட ஒரு சீட்டை எடுத்தாள்.

"அம்மாவாசின்னு எழுது தாயி."

"அப்படி எழுதக் கூடாதுக்கா." சீட்டில் 'பவுனு' என்று எழுதினாள்.

சித்திரையில் முடிவு வந்தது. அனுமதித்ததைவிட அளவு பல மடங்கு. பதினெட்டு நாள் கிரஷருக்குப் பூட்டு. தெருக்குழாயில் பவுனு குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. "எங்க அடுப்புல தண்ணி ஊத்திட்டியேத்தா," என்றாள் ஒருத்தி. பவுனு குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கிரஷரை மறுபடி திறந்தபோது, தூசியை அடக்க ஜாவுக்கு மேல் தண்ணீர்க் குழாய் போட்டிருந்தார்கள். பவுனுவை வேலையை விட்டு நிறுத்தினால் பேச்சு வரும் என்று பொன்னுராஜ் அவளை ஜல்லிக் குவியல் பக்கம் தள்ளிவிட்டான். அதிகாரிகள் வந்து போனார்கள். அவர்கள் ஜீப் திரும்பியதும் அவன் தண்ணீர் வால்வை மூடினான். நனைந்த கல் மெஷினில் அடைக்கிறது என்றான்.

ஆடிக் காற்று தொடங்கிய ஒரு காலை. ஜாவின் வாயில் தவசி குனிந்து இருமினான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். பவுனு சட்டியைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகினாள்.

"ஏலே, யாருலே அது? மூடு!" ஆபீஸிலிருந்து பொன்னுராஜ் ஓடிவந்தான்.

அவள் கையை எடுக்கவில்லை. மேலே குழாய் செருமி, காற்றைத் துப்பி, பிறகு பொழிந்தது. தவசி கண்ணை மூடி முகத்தை அண்ணாந்து காட்டினான். புருவத்திலிருந்து தூசி வெள்ளையாகக் கரைந்து வழிந்தது.