இருபத்திரண்டாம் பக்கம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. (‘கிடைத்தது’ என்று எழுதுவது தொழில் புத்தி. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் என் பையிலேயே வைத்துக்கொண்டேன். நடந்தது அதுதான்.)

நோட்டு என் அக்காவுடையது. எண்பது பக்கம். பேச்சு வராத, முப்பத்தோரு வயது மகனை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவளே உட்கார்ந்து எழுதியது. வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால், அல்லது வெறுமனே நாலு நாள் ஓய்வு வேண்டுமென்றால், இப்படிப்பட்டவர்களைக் கொண்டுபோய் விட ஓர் இல்லம் இருக்கிறது. அக்காவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். ஆறு நாள் அவனை அங்கே விட வேண்டும். கொண்டுபோய் விட்டவன் நான்.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

“அழுது அழுது வீங்கிய கண்களோடு அந்தத் தாய்” —

வேண்டாம். அக்கா அழவில்லை. கிளம்பும் நேரத்தில் அவன் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். “நகம் வளர்ந்திருந்தா, வீட்ல கவனிக்கறதில்லன்னு நினைப்பாங்க.” எப்போதோ ஒரு முறை என்னிடம் கேட்டவளும் அவள்தான்: “உன் கதையில வர்ற அம்மாங்க எல்லாம் ஏன்டா அழுதுக்கிட்டே இருக்காங்க? அடுப்புல எதுவும் வெக்கலியா?”

அடுத்த ஆரம்பம்:

“உடம்புக்கு வயது முப்பத்தொன்று, மனதுக்கு மூன்று” —

இதையும் அடித்துவிட்டேன். மாமா பொய் சொல்கிறார் என்பது மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவனைக் கப்பல் என்று கூப்பிடுவோம். உட்கார்ந்தால் இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டே இருப்பான். அவன் அப்பா வைத்த பெயர். அவர் இப்போது இல்லை.

3

இல்லம் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொண்டு போனேன். தெருவோடு தெருவாக ஒரு வாடகை வீடு. நாலு பேர் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள். காய்கறி வாங்குவது, துணி மடிப்பது எல்லாம் அவரவர்தான். ஓர் அறை கப்பலைப் போல வந்து போகிறவர்களுக்கு. பார்த்துக்கொள்ளும் பெண்ணை எல்லோரும் சிஸ்டர் என்கிறார்கள்.

“வீட்லேர்ந்து ஏதாவது எழுதிக் குடுத்திருக்காங்களா சார்?”

“மருந்துச் சீட்டு இருக்கு” என்று அதை மட்டும் நீட்டினேன்.

வழியில் சிக்னலில் நின்றபோது நோட்டில் இரண்டு பக்கம் படித்திருந்தேன். ‘மழை பெய்தால் ஜன்னலைச் சாத்த வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பான்.’ இருபது வருடமாகத் தொடர்கதை எழுதுகிறேன். இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. ஒரே ஒரு நாள் வைத்திருந்து, பிரதி எடுத்துக்கொண்டு, நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.*

(* நாளைக்கு அத்தியாயம் அனுப்பும் நாள். மறுநாள் வேறொன்று. அதற்கடுத்த நாள், இனி எந்த முகத்தோடு கொடுப்பது என்ற கேள்வி வந்துவிட்டது.)

4

இருபத்திரண்டாம் பக்கம், அக்காவின் கையெழுத்தில் உள்ளபடி:

‘தானாகச் சாப்பிடத் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்து ஊட்டவும். முதல் வாய் நீங்கள் சாப்பிடுவதுபோல் காட்டவும். முடிந்ததும் நெற்றியைத் தொட்டு ஆச்சு என்று சொல்லவும். சொல்லாவிட்டால் எழுந்திருக்க மாட்டான்.’

சிஸ்டருக்கு இதில் ஒன்றும் தெரியாது. எல்லோருக்கும் போல அவன் முன்னாலும் ஒரு தட்டை வைத்தாள். முதல் நாள் மதியம் தட்டைப் பார்த்தபடி ஆடிக்கொண்டிருந்தான். சாயங்காலமும் அதே. புது இடம், முதல் நாள் எல்லோரும் இப்படித்தான் என்று அவள் பாலை மட்டும் குடிக்க வைத்திருக்கிறாள். (அன்று அவன் பட்டினி கிடந்தது என்னால். இதை அடைப்புக்குள் எழுதுகிறேன் பாருங்கள், என் தைரியம் அவ்வளவுதான்.)

மறுநாள் மதியம் எதிரில் சாப்பிடுகிறவரை வெகுநேரம் பார்த்திருக்கிறான். பிறகு ஸ்பூனை எடுத்திருக்கிறான். ஒரு மணி நேரம் பிடித்ததாம். பாதி சட்டையில், பாதி வாயில்.

5

ஆறாம் நாள் கூட்டிவரப் போனோம். தையல் பிரிக்கவில்லை, வராதே என்று சொல்லியும் அக்கா கேட்கவில்லை. நாங்கள் போனது சாப்பாட்டு நேரம். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்லம்மா. அவரேதான்” என்றாள் சிஸ்டர், பெருமையாக.

“நோட்ல எழுதியிருந்தேனே. இருபத்திரண்டாம் பக்கம்.”

“எந்த நோட்டும்மா?”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நானாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“தொலைச்சுட்டீங்களா? தொண்டையில மாட்டியிருந்தா யாரு பதில் சொல்றது?”

“மன்னிச்சுக்கங்கம்மா. நல்லாத் தேடிப் பாக்கறேன்.”

சுவரில் தண்ணீர் வடிகட்டியை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை இரண்டு முறை படித்தேன்.

அப்போதுதான் கப்பல் அம்மாவைப் பார்த்தான். சிரித்தான். ஸ்பூனைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தான்.

அக்கா போய் இடது பக்கம் உட்கார்ந்து மீதியை ஊட்டினாள்.

காரில் கேட்டாள்: “அவனுக்கு முடியும்னா, நான் இத்தனை வருஷமா என்னடா பண்ணிக்கிட்டிருந்தேன்?”

“வளத்தே.”

“கையைக் கட்டிப் போட்டிருந்தேன்னு சொல்லு.”

பின்சீட்டில் அவன் ஆடிக்கொண்டிருந்தான். அவள் மடியில் கறை படிந்த சட்டை. அதன் காலரை நீவி நீவி மடித்துக்கொண்டே வந்தாள்.

6

வெயிட் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கப்பலின் எடை எழுபத்து நாலு கிலோ. குளிக்க வைக்கத் தாங்கிப் பிடித்தாக வேண்டும். அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்பது. அந்த இல்லத்தில் நிரந்தரமாக ஓர் இடம் காலியாகிறது, மாதக் கடைசி சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடி எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

“ஒரு நோட்டைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதவங்ககிட்ட பிள்ளைய எப்படிடா விடறது?” என்கிறாள்.

நியாயமான கேள்வி. பதில் என் மேஜை மேல் இருக்கிறது. சிஸ்டர் இரண்டு முறை போன் செய்துவிட்டாள்: “இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கேன் சார். அம்மாகிட்ட சொல்லுங்க.”

7

முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்று: அக்கா ஒப்புக்கொள்கிறாள். ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறாள். (படிக்க நன்றாக இருக்கிறது.)

இரண்டு: மறுத்துவிடுகிறாள். சில வருடங்களில் அவளுக்கு முடியாமல் போகிறது. பிறகு கப்பலுக்கு யார்? நான். அதாவது —

(இந்த வாக்கியத்தை நாலு முறை தொடங்கினேன்.)

மூன்றுதான் என் கைவேலை: கார் சீட்டுக்கு அடியில் கிடந்தது என்று நோட்டைக் கொடுத்துவிடுவது. யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. அந்த இல்லத்தின் கேட் வரை போய்விட்டேன். இறங்கும்போது தோன்றியது: சிஸ்டர் பொறுப்பானவள். கொடுத்தால் வரிக்கு வரி படிப்பாள். அப்புறம் அவன் அங்கே போனாலும் இடது பக்கம் உட்கார்ந்து ஊட்டுவாள். அவனும் வாயைத் திறப்பான்.

திரும்பி வந்துவிட்டேன்.

8

இந்த இதழ் வியாழக்கிழமை கடைக்கு வரும். என் கதை வந்தால் அக்கா முதலில் அதைத்தான் படிப்பாள், நின்ற இடத்திலேயே.

அக்கா, சிஸ்டர் எதையும் தொலைக்கவில்லை. அவளுக்கு ஒரு போன் செய்துவிடு, தேடுவதை நிறுத்தட்டும். நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் தருகிறேன். இருபத்திரண்டாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தரலாமா என்று யோசித்தேன். கிழிப்பதா வேண்டாமா என்பது நீ முடிவு செய்ய வேண்டியது. நேரில் சொல்ல நாலு தடவை வந்தேன். நாலு தடவையும் காபி குடித்துவிட்டுப் போனேன்.

மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். அவள் என்னோடு பேசினால்தானே எனக்கே தெரியும்.