புலியின் மருத்துவச் சான்றிதழ்

எங்கள் ஐஸால் நகரத்தில் யாராவது புலிக்கதை சொன்னால், கதையில் வரும் புலி நேரில் வந்து ஏமாற வேண்டும். நான் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் கதை சொல்கிறேன். என் கதையில் ஒரு விதவை புலியிடம் நைச்சியமாகப் பேசி, அதை மூங்கில் கூடைக்குள் உட்காரவைத்து, மலைச்சரிவில் உருட்டிவிடுவாள். புலி பைக் டாக்சியில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பத்து மணிக்கு வந்துவிடும். விதவையாக வருகிற ஸுவாலிக்கு வங்கியில் வேலை. அரைநாள் அனுமதி வாங்கிக்கொண்டு வருவாள்.

சென்ற வெள்ளிக்கிழமை புலி மருத்துவச் சான்றிதழோடு வந்தது. இடுப்பெலும்பு தேய்ந்திருக்கிறது, மூன்று மாதம் உருளக் கூடாது என்று எழுதியிருந்தது.

அன்று பார்த்துக் கல்வி அதிகாரி வந்திருந்தார். கதை வகுப்பை எடுத்துவிட்டு ரோபோ வகுப்பு வைக்கலாமா என்று முடிவு செய்ய வந்தவர். வகுப்பு போனால் நானும் போக வேண்டியதுதான். புலியின் பக்கம் திரும்பினேன்.

“கா பு,” என்றேன். எங்கள் ஊரில் ஐயா என்பதை அப்படித்தான் சொல்வோம். “இன்றைக்கு மட்டும் உருண்டுவிடுங்களேன்.”

“முடியாதம்மா. போன மாதம் திருவிழாவில் ஒரே நாளில் ஏழு தடவை உருட்டினார்கள். வீடியோ சரியாக வரவில்லை என்று எட்டாவது தடவையும் கேட்டார்கள்.”

“அப்படியென்றால் கதையை எப்படி முடிப்பது?”

புலி தரையைப் பார்த்தது. “நான் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை,” என்றது.

ஸுவாலி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “எனக்கு ஆட்சேபம் இல்லை. பல் மட்டும் படாமல் விழுங்கு.”

கதையைத் தொடங்கினேன். விதவை நைச்சியமாகப் பேசினாள். புலி நம்பவில்லை. அவளை முழுசாக விழுங்கியது. பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று கைதட்டினார்கள்.

“பாரம்பரியக் கதையில் இப்படி வராதே?” என்றார் அதிகாரி.

“இது திருத்திய பதிப்பு,” என்றேன்.

அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. வகுப்பு தொடரலாம் என்று கையெழுத்துப் போட்டார். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது புலியின் வயிற்றுக்குள்ளிருந்து ஸுவாலி போன் செய்தாள். “திங்கட்கிழமையும் லீவு என்று வங்கியில் சொல்லிவிடு. இங்கே ரொம்ப அமைதியாக இருக்கிறது. யாரும் பாஸ்புக்கை நீட்டவில்லை.”

அதிகாரியின் காதிலும் அது விழுந்தது. ஃபைலை மூடி மேஜைமேல் வைத்தார்.

“இன்னொருவருக்கு இடம் இருக்குமா?”

கேட்டுச் சொன்னேன். “இருக்கிறதாம். ஷூவை மட்டும் வெளியே கழற்றிவிட வேண்டுமாம்.”

அவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். புலி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.