சாணம் மெழுகிய சரிவு

மாட்டுச் சாண நாற்றம் பாஞ்சாலைக்குப் புதிதில்லை. பிறந்ததிலிருந்து மெழுகிய தரையில்தான் படுத்து எழுந்திருக்கிறாள். ஆனால் அன்று காலை புருஷன் முனியன் இரண்டு கையிலும் சாணத்தோடு சரிவிலிருந்து இறங்கி வந்தபோது அவளுக்குக் குமட்டியது.

போன வாரம் பூமி நடுங்கியதில் வீட்டுக்கு மேலே, புளியமரங்களுக்கு நடுவே, மலை நீளமாக வாய் பிளந்துவிட்டது. இன்னொரு தடவை நடுங்கினால் அந்த மண்ணெல்லாம் எங்கே வரும் என்று சொல்லப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நேர் கீழே அவள் வீடு. அதில் தூளியில் அவள் பெண் குழந்தை. சரிவு தாங்குமா தாங்காதா என்று பார்க்க வேலூரிலிருந்து அதிகாரி வருகிறார் என்றதும் ஊர்ப் பெரியவர் கோபால்சாமி ஆட்களைக் கூட்டினார். விரிசலைப் பார்த்தால் ஊரையே காலி பண்ணிக் கீழே செங்கம் பக்கம் இறக்கிவிடுவார்கள், புளியமரமெல்லாம் கைவிட்டுப் போய்விடும் என்றார். விரிசலின் வாயில் தழையை அடைத்து, மண்ணைப் போட்டு, மேலே சாணம் மெழுகினார்கள். கேட்டால் களம் என்று சொல்வதாக ஏற்பாடு. தெரு நீளம், முறத்தளவு அகலம்! அதில் எந்த மடையன் கேழ்வரகு அடிப்பான்? கோபால்சாமியின் வீடு எதிர்மேட்டில் பத்திரமாக இருந்தது. அதுகூடப் போகட்டும். பிள்ளையைப் பெற்ற தகப்பன் முனியனே மண்கூடை சுமந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. சீ, இவனும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

அதிகாரி பெல்பாட்டத்தை மடித்துவிட்டுக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"இது என்னய்யா?"

"களம்ங்க," என்றான் முனியன். சொல்லிவிட்டு இளித்தான்.

அதிகாரி நீளத்தைப் பார்த்தார், அகலத்தைப் பார்த்தார், பிறகு மரத்தடியில் ஆவி பறந்த கோழிக் குழம்பைப் பார்த்தார். "சரி சரி. மறுபடி நடுங்கினாலும் இங்க ஒண்ணும் ஆகாது," என்று சொல்லிக்கொண்டே இலை முன் உட்கார்ந்தார். அவர் எலும்பை உறிஞ்சிய சத்தம் பாஞ்சாலை நின்ற இடம் வரை கேட்டது. யார் மேல் அதிக அருவருப்பு என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஐயாவுக்குக் கை கழுவத் தண்ணி ஊத்தும்மா," என்றார் கோபால்சாமி.

அதிகாரி கையை நீட்டினார். பாஞ்சாலை தண்ணீர்க் குடத்தோடு அவரைத் தாண்டிப் போய், மெழுகிய இடத்தில் குடத்தைக் கவிழ்த்தாள். சரிவில் ஓட வேண்டிய தண்ணீர் ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே கடகடவென்று உள்ளே போயிற்று.

"களத்துல ஊத்துன தண்ணி எங்கங்க போவுது?" என்றாள். "என் வூட்டுக்குத்தான போவுது?"

"இன்னாடி பண்ற!" முனியன் பாய்ந்து வந்து ஓட்டையைக் காலால் மிதித்து மூடப் பார்த்தான். கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. உருவப் பார்த்தான். தொடை வரை இறங்கியது. தூக்கிவிடச் சொல்லி அவளிடம் கையை நீட்டினான். அந்தப் பக்கம் அதிகாரியின் கை குழம்போடு இன்னும் நீட்டியபடியே இருந்தது.

பாஞ்சாலை இரண்டு கையையும் பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கக் கீழே ஓடினாள். அவளுக்கு முன்னாலேயே சில கற்கள் கூரையைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தன.