மணல்மேட்டுப் படகு

அஹமது பாஷாவைத் திட்டுவதற்கு முன்னால் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பார்கள் எங்கள் தெருவில். சரி. படகு கிடந்தது அவருடைய பழைய தோல் கிடங்கில். பழுது பார்க்க ஷெட்டும் கரண்டும் கொடுத்தவர் அவர். படகுக்காகப் போட்ட கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். நல்லது சொல்லியாயிற்று. இனி என் வாயை யாரும் பொத்த வேண்டாம்.

என் பெயர் தில்ஷாத். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறேன். வீடு பாலாற்றங்கரையில், மணல்மேட்டில். பேருக்குத்தான் மேடு. ஆற்றில் தண்ணீர் வந்தால் முதலில் முழுகுவது நாங்கள்தான். போன வெள்ளத்தில் மொட்டை மாடியில் வைத்து என் வீட்டுக்காரர் அப்துல் வஹீதுக்கு நெஞ்சுவலி வந்தது. கீழே கழுத்தளவு தண்ணீர். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மெயின் ரோடு, அதில் ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழலவிட்டு நிற்கிறது. நடுவே கடக்க ஒரு படகு இல்லை. வெளியூரிலிருந்து படகு வந்து சேர்ந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. அதில் அவருடைய மய்யத்தைத்தான் ஏற்றினோம். நான் அழுதது கம்மி. கோபப்பட்டதுதான் ஜாஸ்தி. அது இன்னும் ஆறவில்லை.

பாஷா கிடங்கைக் காலி செய்தபோது உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் அந்தப் படகு கவிழ்ந்து கிடந்தது. அந்தக் காலத்தில் வந்த ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஆட்களைக் காப்பாற்றுவதற்கென்றே தோல் வியாபாரிகள் கூடிச் செய்து வைத்த படகு என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். தோலுக்குப் போடுகிற உப்பு ஏறியிருந்ததால் கரையான் தொடவில்லை. சில பலகைகள்தான் போயிருந்தன. "ரெடி பண்ணி மணல்மேட்டுலயே வெச்சிடுவோம், அவங்களுக்குத்தான் தேவை" என்று கூட்டத்தில் சொன்னது யார்? இதே பாஷாதான். கை வலிக்கத் தட்டினவள் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே போய் வேலை செய்தது. போன பலகைகளை மாற்றிக் கொடுத்தவர் வேதாசலம். தோல் பதனிடுகிற ஷாப்புகளில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற பெரிய மர டிரம்களைச் செய்கிற ஆசாரி அவர். குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வருவார், டீயைத் தவிர வேறு எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார். பழைய தாரையும் உப்பையும் சுரண்டியது பெண்கள். பிடித்துக்கொள்ளும் கயிறுகளுக்கு உறை தைத்தது நான். உப்பு பட்டு விரல் உரிந்து, திங்கட்கிழமை மிஷினில் ஊசிக்கு நூல் கோக்க முடியாமல் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த மழைக்கு எங்கள் தெரு முனையில் ஒரு படகு நிற்கும், இன்னொரு வீட்டில் யாரும் மாடியில் கிடந்து சாக மாட்டார்கள். அது போதும் என்றிருந்தது.

டிரம் செய்கிறவர்கள் பலகை இடுக்கில் பசை வைத்து அடைக்க மாட்டார்கள். புது டிரம்மில் தண்ணீரை நிரப்பிவிட்டுச் சும்மா இருப்பார்கள். முதலில் கண்டபடி ஒழுகும். பிறகு மரம் தண்ணீரைக் குடித்து ஊதி, இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். வேதாசலம் படகுக்கும் அதையே செய்தார். கட்டைகள் மேல் உட்கார வைத்து, விளிம்புவரை தண்ணீர் விடச் சொன்னார். எல்லாப் பக்கமும் ஒழுகி ஷெட் முழுக்கச் சேறானது. குறையக் குறைய நாங்கள் ஊற்றினோம்.

அன்றைக்குப் பார்த்து, சலவைச் சட்டைக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு பாஷா வந்தார்.

"இன்னாப்பா இது, படகா சல்லடையா?" என்றார்.

"புது டிரம் மாதிரிதான் மொதலாளி. ஊதிக்கிச்சின்னா நின்னுடும்" என்றார் வேதாசலம்.

"டிரம் வேற, படகு வேற. இதுல ஆள ஏத்தி முழுகிப் போனா யார் பதில் சொல்றது? பைபாஸ் ரவுண்டானாவுல மேடை கட்டி வெச்சிடலாம். கலர் லைட்டு போட்டா ஊருக்கே பெருமை."

கூட வந்தவர்கள் தலையாட்டினார்கள். ரவுண்டானாவில் மேடைக்குக் குழி தோண்டி முடித்தாயிற்று என்பதும், வைக்கப்போகிற கல்லில், படகு செய்த வியாபாரிகளில் ஒருவரான அவருடைய தாத்தா பெயர் மட்டும் இருக்கிறது என்பதும் மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அவருக்குத் தெரியாதா? வரிசையாக டிரம் ஓடுகிற ஷாப்பில் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு டிரம்மும் முதல் நாள் ஒழுகியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் மனுஷன். தெரியாமல் செய்கிறவனிடம் பேசிப் புரிய வைக்கலாம். தெரிந்தே செய்கிறவனை என்ன செய்ய?

இருந்தாலும் அவர் ஆபீசுக்குப் போனேன்.

"மழ வரப்போவுது பாய். படகு எங்களுக்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கவர்மெண்டு படகு வரும்மா."

"போன தடவ வந்திச்சே. நாந்தான் பாத்தேனே."

அவர் போனை எடுத்து எதையோ தேடினார். "நீ துக்கத்துல பேசற தில்ஷாத். எனக்குப் புரியுது."

"துக்கம் இல்ல பாய், கோவம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைக்கு நான் தலையாட்ட வேண்டுமாம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் ஷெட்டுக்குப் போனபோது வாசலில் கிரேன் நின்றது. பாஷாவும் வந்திருந்தார், போட்டோ பிடிக்க ஆளோடு. உள்ளே படகில் விளிம்புவரை தண்ணீர். அடியில் தரை காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு ஊற்றவில்லை என்றார் வேதாசலம். எல்லோரும் பாஷாவையே பார்த்தோம்.

அவர் குனிந்தார். படகின் அடிவயிற்றை முனையிலிருந்து முனைவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். காய்ந்த கை. ஒரு நிமிஷம், உண்மையிலேயே ஒரு நிமிஷம், மனம் மாறிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கிரேன்காரனிடம் திரும்பினார். "தண்ணிய கொட்டிட்டு ஏத்துப்பா."

செருப்பை உதறிவிட்டு, கட்டையில் கால் வைத்து, புர்காவோடு படகில் இறங்கினேன். உள்பலகையில் உட்கார்ந்தேன். தண்ணீர் இடுப்புக்கு மேல் ஜில்லென்று ஏறியது.

"கொட்டச் சொல்லுங்க பாய். என்னையும் சேத்துக் கொட்டச் சொல்லுங்க."

"பேஜார் பண்ணாத. எறங்கு."

"எங்க வீட்டுக்காரர் ராத்திரி பூரா படகு வருமான்னு பாத்துக்கினே கெடந்தார். எனக்கு இன்னா பேஜார்? நான் படகுலதான ஒக்காந்திருக்கேன்."

கிரேன்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டான். பாஷா அவனைப் பார்த்துக் கத்தினார். அவன் கீழே இறங்கி பீடி பற்ற வைத்தான்.

பக்கத்து வீட்டு அம்பரீன் ஏறினாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேதாசலம் ஏறினார். அவருக்குப் பின்னால் மணல்மேட்டு ஆட்கள் ஒவ்வொருவராக, இடம் இருக்கிறவரை ஏறி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஆளும் உட்கார உட்காரத் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, பாஷாவின் ஷூவை நனைத்தது.

"ஒழுவுது பாருங்க பாய்" என்றேன்.